உடைந்தது எது, உடைத்தது எது?

பட்டணவாசிகளுக்கு மோட்டார் வண்டி ஒரு வசதி. சிலருக்கு அது அந்தஸ்தும்கூட. மலைத்தோட்டத்திலோ விஷயம் வேறு. லயத்துக்கும் பெருந்தெருவுக்கும் நடுவே கல்லும் சேறுமாய் ஒரு செங்குத்துப் பாதை கிடக்கும் இடத்தில், பழைய ஜீப் வண்டி வீட்டு மனிதரில் ஒருவரைப் போன்றது. அதற்கு இருமல் கண்டால் ஊரே காது கொடுக்கும். அது படுத்துவிட்டால் அரிசி மூட்டை தலைச்சுமையாகிவிடும், நோயாளி தோட்சுமையாகிவிடுவார்.

ஆகவே, பழைய வண்டியின் எஞ்சினில் பழுதுபட்ட உறுப்பைக் கண்டுபிடிப்பதும் அதனை மாற்றுவதும் மெக்கானிக்குகள் மாத்திரம் அறிந்திருக்க வேண்டிய சங்கதி என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் நினைப்பதில்லை. அது எல்லோருக்கும் உரிய கவலை. அந்தக் கவலையினால் நான் அறிந்துகொண்ட சில விஷயங்களை வாசகர்களுக்கு, விசேஷமாக மாணவர்களுக்கு, இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஆற்றுக்கு மேலே

கொழும்பிலிருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பாதையிலே, களனி கங்கையின் கரையில் இருக்கிறது கித்துல்கல. கித்துல் மரங்களால் பெயர் பெற்ற இவ்வூரை உலகம் அறிந்தது ஒரு சினிமாப் படத்தினால். 1957 ஆம் ஆண்டு வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்துக்காக இங்கேதான் மரப்பாலம் கட்டினார்கள். இங்கேதான் அதனை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இக்காலத்தில் இறப்பர்ப் படகேறி ஆற்றின் வெள்ளத்தில் விளையாடுவதற்கென்றே வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் வருகிறார்கள். ஆற்றில் இறங்குகிறவர்கள் பலர். ஆற்றுக்கு மேலே, தேயிலையும் இறப்பரும் நிற்கும் சரிவுகளில் ஏறிப் பார்க்கிறவர்கள் சிலரே.

எங்கள் மேற்கணக்கு அத்தகைய சரிவு ஒன்றில் இருக்கிறது. தீவிலேயே மிகுந்த மழை பெறும் பிரதேசங்களில் இதுவும் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் பாதை எது, ஓடை எது என்று பிரித்தறிவது கஷ்டம். அந்தப் பாதையில் ஏறி இறங்கும் வண்டி ஒன்றே ஒன்றுதான்: 1960களில் செய்யப்பட்ட ஒரு லாண்ட் றோவர். தோட்டத்து லொறிச் சாரதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதனை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். எல்லோருக்கும் அவர் ‘டிரைவர் அண்ணன்’. அந்த வண்டியின் வியாதிகளையும் சிகிச்சைகளையும் பல வருஷங்களாக அருகிலிருந்து பார்த்தவன் என்ற ஒரே உரிமையில்தான் நான் எழுதுகிறேன்.

கழற்றுவதற்கென்றே பிறந்த வண்டி

லாண்ட் றோவரின் பிறப்புக் கதையே ஒரு பழைய வண்டியின் கதைதான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின்னர், இங்கிலாந்தின் றோவர் கம்பெனியில் தலைமை எஞ்சினியராக இருந்த மோறிஸ் வில்க்ஸ் என்பவர், ஆங்கில்ஸீ தீவிலுள்ள தமது நிலத்தில் யுத்தகாலத்து அமெரிக்க ‘வில்லிஸ்’ ஜீப் ஒன்றை உபயோகித்து வந்தார். அந்த ஜீப் தேய்ந்து போனால் அதன் இடத்தில் வேறு எதனை வைப்பது என்ற கேள்வியிலிருந்துதான் புதிய வண்டியின் எண்ணம் உதித்தது என்பார்கள். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதலாவது லாண்ட் றோவர் உலகத்தின் முன் வந்தது. அக்காலத்தில் பிரித்தானியாவில் உருக்குக்குப் பஞ்சம். ஆகையால் வண்டியின் மேலுடலை அலுமினியக் கலவையினாற் செய்தார்கள். பஞ்சத்தினால் செய்த அந்தக் காரியம் எங்களைப் போன்ற மழைநாட்டாருக்கு வரமாகிவிட்டது. அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடித்து உதிர்வதில்லை.

1958 இல் இதன் இரண்டாவது வரிசை வந்தது. 2,286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் அதனுடன் சேர்ந்தது. 1961 இல் அதன் திருத்திய உருவமும், 1971 இல் மூன்றாவது வரிசையும் வந்தன. 1985 இல் அந்த வரிசைகள் முடிவுற்றன. பிற்காலத்தில் ‘டிபெண்டர்’ என்று பெயர் பெற்ற அவற்றின் வழித்தோன்றலும் 2016 ஜனவரி 29 ஆம் திகதி சொலிஹல் தொழிற்சாலையில் கடைசி வண்டியோடு நின்றது.

இவ்வண்டியின் விசேஷம் அதன் வேகத்திலும் இல்லை, சொகுசிலும் இல்லை. திறந்து பார்க்கக்கூடிய அதன் எளிமையில் இருக்கிறது. பொனற்றைத் தூக்கினால் உள்ளே எல்லாம் வெட்டவெளி. கைபோகாத இடம் அருமை. நாலு ஸ்பானரும் பொறுமையும் உள்ள எவரும் இதனைக் கழற்றலாம், பூட்டலாம்.

இத்தீவில் அந்தக் குணத்துக்கு இரட்டை மதிப்பு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில், புதிய உதிரிப்பாகம் என்பது கனவு. பழையதைச் செப்பனிட்டே நாடு ஓடியது. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷமும் பழைய வண்டிகளைத் தாங்கியவர்கள் சாலையோரத்துக் கராஜ்காரர்கள்தான்.

ஸ்பானருக்கு முன்னே புலன்கள்

நாட்டு வைத்தியர் நாடி பிடிக்கும் முன்னர் முகம் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். எஞ்சின் வைத்தியமும் அவ்வாறே தொடங்க வேண்டும். நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுப்பது கடைசியில்.

முதலிலே புகை. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் வளையங்களோ, வால்வின் வழிகாட்டிகளோ தேய்ந்திருக்கும். கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போகிறது. காபுரேட்டரையும் காற்று வடிகட்டியையும் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் வெண்மையான ஆவி ஓயாமல் வந்தால், குளிர்ச்சிக்கு ஊற்றிய தண்ணீர் சிலிண்டருக்குள் நுழைகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது ஓசை. மேலே இலேசாகத் தையல் மெஷின்போல் ‘டிக், டிக்’ என்றால் அது வால்வுக்கும் அதனை அமுக்கும் கைக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடிவிட்டதன் ஓசை. இந்த எஞ்சினில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு இருக்க வேண்டும். கீழே, ஏற்றத்தில் பாரம் விழும்போது, கதவைத் தட்டுவதுபோல் கனமான ஓசை எழுந்தால் அது பெரிய சங்கதி. பிஸ்டன் தண்டின் அடிப் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. அந்த ஓசையோடு ஒரு மைல் ஓட்டுவதும் ஆபத்து. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டால், எந்த இடத்திலிருந்து ஓசை பிறக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்; சுழலும் பெல்ட்டுக்கும் காற்றாடிக்கும் எட்ட நின்று இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது ஒயிலின் நிறம். அளவுகோலை உருவிப் பார்த்தால் ஒயில் கறுப்பாக இருப்பது வழக்கம். அது பால் தேநீரின் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஒயிலோடு எஞ்சினை ஓட்டக்கூடாது.

நான்காவது பிளக். நான்கையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருக்குரியது என்று வரிசை மாறாமல் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியம். எண்ணெய்ப் பிசுக்கு, கரி, கழுவிவிட்டதுபோன்ற அசாதாரண வெண்மை ஆகிய ஒவ்வொன்றும் உள்ளே நடப்பதைச் சொல்லும் கடிதங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்பு கேள்விகள். எப்போது தொடங்கியது? ஏற்றத்திலா, சமதரையிலா? குளிரிலா, சூட்டிலா? அதற்கு முன்னர் எதனையாவது மாற்றினீர்களா? இக்கேள்விகளைக் கேட்காமல் உறுப்பு மாற்றத் தொடங்கும் மெக்கானிக், கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுகிறவர்.

மூன்றாவது கஸ்கட்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம். அடைமழை. மேற்கணக்கில் ஓர் இளம்பெண்ணுக்கு இராத்திரியில் பிரசவ வேதனை கண்டது. 2016 இல் தொடங்கப்பட்ட ‘சுவசெரிய’ என்ற இலவச அம்புலன்ஸ், 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வந்துவிடும். ஆனால் அது வருவது பெருந்தெரு வரைக்கும்தான். அதற்கு மேலே லாண்ட் றோவர்தான் கதி. கீழே நிறுத்தியிருந்த வண்டியை டிரைவர் அண்ணன் முதலாம் கியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். லயத்துக்கு மூன்று முடக்கு இருக்கும்போது றேடியேட்டர் கொதித்துச் சீறியது. எஞ்சின் நொண்டி, பாதிச் சக்தியை இழந்து நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டித் தோள்மாற்றித் தோள்மாற்றிக் கீழே இறக்கினார்கள். வழுக்கும் பாதையில் ஆறு ஆண்கள்; முன்னே ஒருவர் டோர்ச் பிடித்தார். கரவனல்லை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். ஆனால் தூக்கி வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் குழந்தை பாதையோரத்தில்தான் பிறந்திருக்கும் என்று.

வண்டிக்கு வந்தது புதிய வியாதி அன்று. சிலிண்டர்த் தொகுதிக்கும் அதன் மேல் மூடியாகிய ஹெட்டுக்கும் இடையே அழுத்தி வைக்கப்படும் தகடுதான் ஹெட் கஸ்கட். அது ஒரு வருஷத்துக்குள் இரண்டு முறை எரிந்து, பட்டணத்துக் கராஜ் ஒன்றில் இரண்டு முறையும் புதிது போட்டிருந்தார்கள். கஸ்கட்டுக்கு ஒரு விலை, கூலிக்கு ஒரு விலை; வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே சரியாய்ப் போயிற்று. இது மூன்றாவது தடவை.

இம்முறை டிரைவர் அண்ணன் பெருந்தெருவோரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு முதிய சிங்கள மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துச் சென்றார். இளமையிலே தேயிலைத் தொழிற்சாலை எஞ்சின்களோடு பழகியவர். தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசுவார். எல்லோரும் அவரை ‘பாஸ்’ என்றே அழைப்பார்கள்.

“பாஸ், மறுபடியும் கஸ்கட்டுதான் போயிருக்கு. புதுசு ஒண்ணு போட்டுக் குடுங்க” என்றார் டிரைவர் அண்ணன்.

“கஸ்கட்டு போனது சரி, தம்பி. அதை அனுப்பினது யாரு?” என்று கேட்டார் பாஸ்.

பின்னர் அரை மணி நேரம் அவர் ஒன்றையும் தொடவில்லை, கேள்விதான் கேட்டார். ஏற்றத்தில் மட்டுமா கொதிக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குறைகிறது? பெல்ட் எப்போது மாற்றியது? என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? டிரைவர் அண்ணனுக்குப் பொறுமை எல்லை கடந்தது. ஆயினும் வயதுக்கு மரியாதை கொடுத்துப் பதில் சொன்னார்.

எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் காவலுள்ள இடுக்கியினால் விலக்கிப் பார்த்தார் பாஸ். முதலாவதையும் நான்காவதையும் விலக்கியபோது ஓட்டம் தளர்ந்தது, அவ்விரண்டும் உழைக்கின்றன. நடுவிலுள்ள இரண்டையும் விலக்கியபோது எவ்வித மாற்றமும் இல்லை. அவை முன்னமே செத்திருந்தன. பின்பு பிளக் துளையில் அமுக்கமானியைப் பூட்டி அளந்தார். முதலாவதும் நான்காவதும் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தலை அண்டி நின்றன. நடுவிலுள்ள இரண்டும் 50 ஐக்கூட எட்டவில்லை.

மாணவர்கள் இவ்விடத்தில் சற்று யோசிக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மாத்திரம் பலவீனமாக இருந்தால் வால்விலோ பிஸ்டன் வளையத்திலோ குற்றம் இருக்கலாம். அடுத்தடுத்துள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒரே அளவில் பலவீனப்பட்டால், அவற்றுக்கு நடுவே உள்ள கஸ்கட்டின் ஒடுங்கிய பாகம் எரிந்து, ஒன்றின் அமுக்கம் மற்றதற்குள் ஓடுகிறது என்றே பெரும்பாலும் முடிவு செய்யலாம். ஹெட்டைத் திறக்குமுன்னரே, உள்ளே எந்த இடத்தில் காயம் என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிட்டன. ஹெட்டைக் கழற்றியபோது, சொன்ன இடத்திலே கறுப்பாய் ஒரு வாய்க்கால் தெரிந்தது.

வேறு கராஜாக இருந்தால் அத்துடன் காரியம் முடிந்திருக்கும். பாஸ் அங்கேதான் ஆரம்பித்தார். ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்விளிம்புள்ள உருக்குச் சட்டத்தை வைத்து, அதன் கீழே மெல்லிய ‘பீலர்’ தகடுகளைச் செருகிப் பார்த்தார். நடுவில் தகடு நுழைந்தது. ஹெட் சூட்டினால் வளைந்திருந்தது. வளைந்த ஹெட்டின் கீழே எந்தப் புதுக் கஸ்கட்டும் நிலைக்காது. சரி, ஹெட் வளையும்படி சூடேறியது ஏன்? தண்ணீர்ப் பம்பைக் கழற்றினார். வெளியே பார்வைக்கு அது நல்ல பம்ப், ஒழுக்கில்லை, ஆட்டமில்லை. உள்ளே தண்ணீரைத் தள்ளவேண்டிய சக்கரத்தின் இதழ்கள் துருவேறித் தேய்ந்து, கிழவன் வாய்ப் பல்லைப்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. சமதரையில் அது சமாளித்தது, ஏற்றத்தில் தோற்றது. அதற்கும் காரணம் உண்டல்லவா? றேடியேட்டரைத் தலைகீழாக்கிக் கழுவினார். வண்டல் வண்டலாய்ச் சிவந்த மண் வந்தது.

“என்ன தண்ணி ஊத்துறீங்கன்னு கேட்டேனே, அது இதுக்குத்தான்” என்றார் பாஸ்.

பாதையோரத்துப் பீலியில் டின்னைப் பிடித்து நிரப்பி ஊற்றுவதுதான் டிரைவர் அண்ணனின் இத்தனை வருஷத்து வழக்கம். மழைக்காலத்தில் பீலியில் மண் கரைந்து வருவதை அறியாதவர் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெளிவாய்த் தெரிந்த தண்ணீரிலும் மண் இருந்தது. துருத்தடுக்கும் மருந்து இல்லை. மண் குழாய்களை அடைத்தது. துரு பம்பைத் தின்றது. ஓடாத தண்ணீர் கொதித்தது. கொதிப்பு ஹெட்டை வளைத்தது. வளைந்த ஹெட் கஸ்கட்டை எரித்தது. உடைந்தது ஒன்று, உடைத்தது வேறொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டு முறை புதுக் கஸ்கட் போட்டவர்கள் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மாத்திரம் மாற்றினார்கள்.

பஞ்சிகாவத்தையில்

எதனை மாற்றவேண்டும் என்று தெரிந்தபின் அதனை எங்கே பெறுவது? இலங்கையில் இக்கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு: கொழும்பில் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை. கடைக்குக் கடை கியர்ப் பெட்டிகளும் அச்சுத் தண்டுகளும் எஞ்சின்களும் அடுக்கியிருக்கும் அந்தத் தெருக்களில் நடப்பது, மோட்டார் வண்டிகளின் மயானத்துக்கும் பிரசவ விடுதிக்கும் ஒருங்கே சென்று வருவது போன்றது.

டிரைவர் அண்ணனின் மருமகன் போய், ‘லாண்ட் றோவர் பெற்றோல் எஞ்சினுக்குத் தண்ணீர்ப் பம்ப்’ என்று கேட்டு வாங்கி வந்தான். துளைகள் ஒத்துவரவில்லை. ஒரே எஞ்சினுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மாதிரியான உறுப்புகளைப் பொருத்தியிருக்கிறார்கள். இதற்காகத்தான் வண்டியின் சட்ட இலக்கத்துக்கு முடிவில் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்திருக்கிறார்கள். முக்கியமான மாற்றம் வரும்போதெல்லாம் அந்த எழுத்தும் மாறும். எஞ்சினுக்குத் தனி இலக்கம் உண்டு. இரண்டையும் எழுதிக்கொண்டு, பழைய உறுப்பையும் கையில் எடுத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். அறுபது வருஷத்து வண்டியில் முந்திய சொந்தக்காரர் எஞ்சினையே மாற்றியிருக்கலாம். அப்போது சட்ட இலக்கத்தை நம்பி வாங்கினாலும் ஏமாற்றமே. பழைய உறுப்பு பொய் சொல்லாது. இரண்டாம் முறை மருமகன் பழைய பம்பையும் கொண்டு போனான், சரியானது கிடைத்தது.

புதிய உறுப்பென்றால் நல்ல உறுப்பு என்று எண்ணுவதும் தவறு. போலிகள் பளபளவென்றிருக்கும். வாங்கியதும் பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பாரம், கனம், துளை, விளிம்பு யாவற்றையும் ஒப்பிட வேண்டும். கையினாற் சுழற்றிப் பார்க்க வேண்டும். சில வேளைகளில், புகழ் பெற்ற கம்பெனியின் பழைய உறுப்பைக் கடைசல் பட்டறையிற் கொடுத்துச் செப்பனிடுவதே மேல். எங்கள் ஹெட்டையும் அவ்வாறே அவிசாவளைப் பட்டறை ஒன்றில் சீவிச் சமப்படுத்தினார்கள்.

இந்த வண்டிகளில் மற்றோர் இடைஞ்சலும் உண்டு. ஆணிகளும் நட்டுகளும் ஒரே மரை அளவில் இல்லை. பழைய ஆங்கில அளவும் பிற்காலத்து அளவும் ஒரே எஞ்சினில் கலந்து கிடக்கும். ஒத்துப்போவதுபோல் நுழையும் ஆணியைப் பலவந்தமாக முறுக்கினால் மரை அழிந்துவிடும். அதனால் கழற்றிய ஒவ்வோர் ஆணியும் தன் துளைக்கே திரும்பிப் போக வேண்டும்.

பூட்டும்போது

பாஸின் கொட்டகையில் ஒரு வழக்கம் கண்டேன். கழற்றும் ஆணிகளையெல்லாம் வெவ்வேறு பால்மா டின்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் சோக்குக் கட்டியால் குறி எழுதுவார். வால்வைத் தள்ளும் கம்பிகளை, அட்டைப் பெட்டியில் துளையிட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதி வரிசையாகக் குத்தி வைப்பார். இத்தனை வருஷம் ஒன்றோடொன்று உராய்ந்து இணங்கிய உறுப்புகளைப் பிரித்து வேறு இடத்தில் வைத்தால் இரண்டும் தேயும் என்பது அவர் சொன்ன காரணம். கையிலே தொலைபேசி உள்ளவர்கள் கழற்றுமுன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

பழைய கஸ்கட்டைச் சுரண்டும்போது ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். அக்காலத்துக் கஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார் இருந்தது. அதன் தூசி சுவாசப்பையைக் கெடுத்துப் புற்றுநோயும் உண்டாக்கும் என்பது இன்று ஐயமற அறிந்த உண்மை. ஆகையால் உலரச் சுரண்டக்கூடாது; வாயால் ஊதவும் கூடாது. தண்ணீர் தெளித்து, தக்க முகமூடி அணிந்து, மெதுவாக எடுக்க வேண்டும். பிள்ளைகளைத் தூர நிறுத்த வேண்டும்.

ஆணித் துளைகளில் தண்ணீரோ ஒயிலோ தேங்கியிருந்தால் முறுக்கும்போது திரவம் அமுங்க மாட்டாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். அதனால் துளைகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஹெட்டின் ஆணிகளை ஒரு மூலையிலிருந்து தொடங்கி முறுக்குவது பெரும் பிழை. நடுவிலிருந்து தொடங்கி, இருபுறமும் வெளியே செல்லும் ஒழுங்கில், ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று சுற்றுகளாக, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்க வேண்டும். சப்பாத்தி மாவை நடுவிலிருந்து தேய்ப்பதைப் பார்த்த பெண்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். எஞ்சின் ஓடிச் சூடேறிய பின், கஸ்கட் படிந்துவிடுவதால், கம்பெனிப் புத்தகம் சொல்லும் முறைப்படி மறுபடியும் ஒரு முறை இறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளியையும் திரும்ப அளக்க வேண்டும்.

திறந்தது திறந்ததுதான் என்று கைக்கு வந்ததையெல்லாம் மாற்றுவது வீண் செலவு. ஆனால் மலிவானதும், திரும்பவும் இவ்வளவு கழற்றினால்தான் எட்டக்கூடியதுமான சில உறுப்புகள் உண்டு. தெர்மோஸ்டாட், இறப்பர்க் குழாய்கள், பெல்ட் ஆகியவற்றை அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். பம்பை மாற்றி, பழைய குழாயை விட்டுவைப்பது புது வேட்டிக்குக் கிழிந்த சால்வை போர்த்துவது போலாகும்.

மூன்று நாள் வேலை. நான்காம் நாள் காலை, பாஸ் சாவியைத் திருப்பினார். நான்கு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. றேடியேட்டருக்கு வடித்த சுத்தமான தண்ணீரும் துருத்தடுக்கும் திரவமும் ஊற்றப்பட்டன. “பீலித் தண்ணி குடிக்க நல்லது, தம்பி. எஞ்சினுக்கு மட்டும் குடுக்காதீங்க” என்று சிரித்தார். அதன் பின்னர் அந்த எஞ்சினின் ஹெட்டைத் திறக்கும் தேவை வரவில்லை. அன்றிரவு பிறந்த பெண் இப்போது முன்பள்ளிக்குப் போகிறாள். மழை நாட்களில் அவள் ஏறிச் செல்வதும் அந்த வண்டியில்தான்.

எதுவரைக்கும் பழையது?

உறுப்பு கிடைக்காத நாள் வந்தால் என்ன செய்வது? தேயிலைக்குப் பெயர் போன இன்னொரு மலைநாடாகிய டார்ஜிலிங்கில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். மானேபஞ்சாங் என்ற மலையூரிலிருந்து சந்தக்பூ சிகரத்துக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற 1950களின் லாண்ட் றோவர்கள் பலவற்றில், பழைய எஞ்சின் கைவிட்டபோது இந்தியாவில் எளிதாகக் கிடைக்கும் மஹிந்திரா டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். வண்டியை நூதனசாலைப் பொருளாகக் காப்பவர்கள் இதனை ஏற்கமாட்டார்கள். மலையில் பிழைப்பவனுக்கு வண்டி ஓட வேண்டும். அதன் எஞ்சின் எந்தக் குலத்தது என்பது இரண்டாம் பட்சம். என் அபிப்பிராயமும் அதுவே. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன்னர், பழைய எஞ்சினைக் கொன்றது எது என்று கேட்க வேண்டும். மண் தண்ணீர் ஊற்றும் வழக்கம் மாறாவிட்டால், புது எஞ்சினுக்கும் அதே கதிதான்.

ஒரு கொப்பி

கூலி வாங்கிய பின்னர் பாஸ் டிரைவர் அண்ணனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தார். கடையில் பிள்ளைகளுக்கு வாங்கும் சாதாரணக் கொப்பி. எந்தத் திகதியில் எந்த உறுப்பு மாற்றப்பட்டது, அது எங்கே வாங்கியது, எவ்வளவு ஒயில் ஊற்றியது, எவ்வளவு தண்ணீர் குறைந்தது, யாவற்றையும் அதில் எழுத வேண்டும் என்பது கட்டளை. “அடுத்த முறை நான் உயிரோட இருக்கேனோ இல்லையோ, பார்க்கிறவனுக்கு இது சொல்லும்” என்றார்.

டிரைவர் அண்ணன் அன்று முதல் எழுதி வருகிறார். எழுத்துக்கூட்டி எழுதுகிறவர், சில பக்கங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே அவருக்காக எழுதிக் கொடுக்கிறார்கள். தண்ணீர் வழக்கத்துக்கு மேல் ஒரு போத்தல் குறைந்தாலும் கொப்பி காட்டிக்கொடுத்துவிடும். கொதிக்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளில் இருவர், பரீட்சை முடிந்ததும் மொறட்டுவையிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறார்கள்.

பாஸைப் போன்றவர்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. அவர்களுடைய கொட்டகைகள் மூடப்படும் நாளில் அதுவும் போய்விடும். ஆதலால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை மெக்கானிக் வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிச் சென்று, தூர நின்றாவது பார்க்கவிடுங்கள். உறுப்பு மாற்றிய மெக்கானிக்கிடம் பணத்தைக் கொடுக்குமுன், இது ஏன் உடைந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வராவிட்டால், அதே உறுப்பை இன்னும் ஒரு முறை வாங்குவதற்குப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.